வாடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி

கடை திவாலான மறுநாள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் காரணம் தெரியும். கடை திரும்பி வராது. இலை தொங்கிப்போனதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் பாய்ச்சுவதும் ஏறக்குறைய இதே ரகம்தான். செடி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நஷ்டம் அதற்கு முன்பே ஆகியிருக்கும்.

எப்படி என்கிறீர்களா? இலையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் ஏராளமாக இருக்கின்றன. அந்த வாசல் வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே வருகிறது. அதே வாசல் வழியாகத்தான் நீராவி வெளியே போகிறது. வரவும் செலவும் ஒரே வாசலில்! வேரிலிருந்து தண்ணீர் வரத்து குறைந்தால் செடி வாசலை மெல்லச் சாத்துகிறது. தண்ணீர் மிச்சமாகிறது, ஆனால் கரியமில வாயுவின் வரத்தும் குறைகிறது. உணவு தயாரிப்பு படுத்துவிடுகிறது. புது இலை விரிவது இதற்கும் முன்பே மந்தமாகிவிடும். இத்தனை நடந்தும் வெளியே பார்ப்பவருக்கு இலை பச்சையாக, நிமிர்ந்துதான் தெரியும். கடையில் விளக்கு எரிகிறது, போர்டு பளபளக்கிறது, வியாபாரம் மட்டும் இல்லை.

இந்தப் பயத்தாலேயே நிறையப் பேர் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு தண்ணீர் கூடுதலாகக் கட்டிவிடுவது. அதுவும் இலவசம் இல்லை. மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. போட்ட உரத்தில் ஒரு பகுதி வேருக்குக் கீழே கரைந்து போய்விடும். கிணற்றின் மட்டம் இறங்கும். ஆக, குறைத்தாலும் நஷ்டம், கூட்டினாலும் நஷ்டம். நடுவில் சரியான நாள் எது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தச் செடிதான். அதை எப்படிக் கேட்பது, அதுவும் அதற்குச் சேதம் இல்லாமல் எப்படிக் கேட்பது என்பதுதான் இங்கே பேச்சு.

மண்ணைக் கேட்டால் போதாதா?

முதலில் வரும் கேள்வி இதுதான். மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது, செடியை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரப்பதம் காட்டும் கருவி இதற்கு நல்ல உதாரணம். மண்ணில் குத்தினால் எல்.இ.டி விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம், பச்சை என்றால் போதும், ஆரஞ்சு என்றால் பாய்ச்சலாம், சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். கருவி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் மண்ணின் ஈரம் என்பது கிடங்கில் இருக்கும் சரக்கு. கிடங்கில் மூட்டை அடுக்கியிருப்பதால் மட்டும் கடையில் வியாபாரம் நடக்கிறது என்று சொல்ல முடியுமா? உப்புப் படிந்த மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. வேரழுகல் வந்த செடி தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும். அனல் காற்று அடிக்கும் நாளில் வேர் அனுப்பும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் அதிகமாகிவிடும். மண் சொல்வது பாதி உண்மைதான்.

இலையைக் கிள்ளிக் கேட்கும் முறை

செடியிடமே கேட்கும் பழைய முறைகளில் பெரும்பாலானவை இலையைப் பலி வாங்குபவை. ஒன்று, இலையில் சின்ன வட்டங்களாக வெட்டி எடுத்து எடை போடுவது. பிறகு தண்ணீரில் ஊற வைத்து ஓர் எடை. அடுப்பில் உலர்த்தி இன்னோர் எடை. மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால், முழு ஈரத்தில் எத்தனை சதவீதம் இலையில் இருந்தது என்று தெரியும். விடை வருவதற்குள் அன்றைய பொழுது போய்விடும்.

இன்னொன்று புகழ்பெற்றது. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் இருந்த ஸ்கோலாண்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1965-ல் வெளியிட்ட அழுத்த அறை முறை. இலையைக் காம்போடு அறுத்து, காம்பு மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி ஓர் இரும்புக் கூண்டில் வைத்து மூடி, உள்ளே வாயு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது. காம்பின் வெட்டு முனையில் சாறு எந்த அழுத்தத்தில் எட்டிப் பார்க்கிறதோ, அதுதான் அந்த இலையின் தாகத்தின் அளவு. தாகம் அதிகமானால் சாறை வெளியே தள்ள அதிக அழுத்தம் வேண்டும். வானளாவிய டக்ளஸ் ஃபிர் மரங்களின் உச்சிக் கிளை வேண்டும் என்பதற்காக அவர்கள் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி எடுத்தார்கள். சேதம் இல்லாமல் அளப்பது என்ற நம் தலைப்புக்கு இதைவிட நேர் எதிரான காட்சி கிடைக்காது :-)

கிண்டல் இருக்கட்டும், அந்த முறை இன்றைக்கும் உரைகல். கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களில் இதை வைத்தே தண்ணீர் நிர்வாகம் செய்கிறார்கள். காயின் மேலோடு வெடிக்கும் பருவத்தில் மரத்தை வேண்டுமென்றே 14 முதல் 18 பார் வரையிலான தாகத்தில் நிறுத்தினால் மேலோட்டு அழுகல் நோய் குறையும் என்பது அங்கே பல்கலைக்கழகம் தரும் ஆலோசனை. ஒரு கார் டயரில் இருக்கும் அழுத்தம் சுமார் 2 பார்தான். ஒரு சாதாரண இலைக் காம்புக்குள் நடக்கும் இழுபறி எவ்வளவு பெரியது என்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

"ஆயிரக்கணக்கில் இலை இருக்கும் மரத்தில் ஓர் இலை போனால் என்ன?" என்று கேட்கலாம். உண்மைதான், பாதாம் மரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாலே இலை விட்டிருக்கும் நாற்றுக்கு அது கால் பங்கு சொத்து. ஆனால் சேதம் இல்லாத அளவீடு வேண்டும் என்பதற்கு முக்கியக் காரணம் இரக்கம் இல்லை, கணக்கு. கிள்ளிய இலையை நாளைக்கு மறுபடி கேட்க முடியாது. நாளைக்குக் கேட்கப்போவது வேறோர் இலையை. இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் வந்தால், அது தாகத்தால் வந்ததா, இலை மாறியதால் வந்ததா?

வணிகவியல் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். வருடக் கடைசியில் கடையை மூடிவிட்டுச் சரக்கை எண்ணுவது ஒரு முறை. விற்க விற்கப் பேரேட்டில் இருப்பை எழுதிக்கொண்டே வருவது இன்னொரு முறை. முதலாவது அந்த ஒரு நாளுக்குத் துல்லியமானது. இரண்டாவதில் சின்னச் சின்னப் பிழைகள் இருக்கலாம். ஆனால் சரக்கு எந்த வாரத்தில் குறைய ஆரம்பித்தது என்பதைச் சொல்வது இரண்டாவதுதான். கடை நடத்துகிறவருக்கு வேண்டியது அது. செடிக்கும் அப்படியே.

உரைகல்லும் ஏமாறும் இடம்

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இலைக்குள் இருக்கும் நீர்நிலையை மட்டும் பார்த்தால் சில செடிகள் நன்றாக ஏமாற்றிவிடும். தட்டைப்பயறு அதற்குப் பேர்போனது. மண் காய ஆரம்பித்ததுமே இலைத்துளைகளைச் சாத்திக்கொண்டு, இலைக்குள் இருக்கும் தண்ணீரை அப்படியே காப்பாற்றிக்கொள்ளும். சூரியகாந்தி அப்படி இல்லை. துளைகளைத் திறந்தே வைத்து, உள்ளிருப்பு இறங்க இறங்க வேலையைத் தொடரும்.

இரண்டு கடைக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வியாபாரம் குறைந்ததுமே கொள்முதலை நிறுத்திவிட்டு, கல்லாவில் பணத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார். இன்னொருவர் கல்லா காலியாகக் காலியாக வியாபாரத்தை நடத்துகிறார். கல்லாவை மட்டும் எண்ணிப் பார்த்தால் முதல்வர் சுகமாக இருப்பதாகத்தான் தோன்றும். உண்மையில் அவர் கடை முடங்கிக் கிடக்கிறது. இலையை அறுத்து அழுத்தம் பார்ப்பது கல்லாவை எண்ணுவது மாதிரி. தட்டைப்பயறு விஷயத்தில் வாசல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதே பயன். அதற்கு இலையை அறுக்க வேண்டியதே இல்லை.

கிள்ளாமல் கேட்ட வழிகள்

இந்த யோசனை புதிது இல்லை. இங்கிலாந்தின் டெடிங்டனில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், 1724-ல் மூன்றரை அடி உயரச் சூரியகாந்தி ஒன்றைத் தொட்டியோடு வைத்து, மண்ணிலிருந்து ஆவி போகாதபடி ஈயத் தகட்டால் மூடி, 15 நாள் காலையும் மாலையும் எடை போட்டார். ஒரு பகலில் சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவுக்கும் மேல், செடி வெளியேற்றியது தெரிந்தது. 1727-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. கேட்டது ஒரு தராசு. செடிக்கு ஒரு கீறல்கூட இல்லை. எடை குறைவது ஒரு நாள் திடீரென்று மந்தமானால் செடி வாசலைச் சாத்துகிறது என்று அர்த்தம். தொட்டிச் செடிகளுக்கு இன்றைக்கும் இதைவிட எளிய முறை இல்லை. ஆனால் வயலைத் தூக்கித் தராசில் வைக்க முடியாதே!

வயலுக்கு ஏற்ற வழி இலையின் சூடு. மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பானை முழுக்கப் பெயிண்ட் அடித்துவிட்டால் குளிராது. இலையும் அப்படித்தான். துளைகள் திறந்திருக்கும்வரை நீராவி போய்க்கொண்டே இருக்கும், இலை குளிர்ச்சியாக இருக்கும். துளைகள் மூடினால் வெயிலில் இலை சூடேறும். இந்தச் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் தொடாமலேயே அளந்துவிடலாம்.

அரிசோனாவின் பீனிக்ஸில் இருந்த அமெரிக்க நீர்ப் பாதுகாப்பு ஆய்வகத்தில் இட்சோ, ஜாக்சன் முதலானோர் 1981-ல் இதை ஒரு குறியீடாகவே ஆக்கினார்கள். நன்றாகத் தண்ணீர் குடித்த பயிர் 0. துளைகளை முழுக்க மூடிவிட்ட பயிர் 1. நம் வயல் இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதுதான் அதன் தாகம். கேட்க எவ்வளவு சுலபம்!

மரங்களுக்கு வேறொரு வழி. பகலில் இலைகள் இழுக்கும் இழுப்பில் அடிமரம் கொஞ்சம் சுருங்கும், இரவில் மறுபடி ஊதும். மில்லிமீட்டரில் சிறு பங்குதான், ஆனால் தண்டில் பொருத்திய நுண்ணளவிக்கு அது போதும். தாகம் கூடக்கூடப் பகல் சுருக்கம் பொதுவாக அதிகமாகும். ஸ்பெயினில் எலுமிச்சை, பாதாம் மரங்களில் இதை நிறையச் சோதித்திருக்கிறார்கள். தண்டுக்குள் ஊசி செருகி, சாறு ஓடும் வேகத்தைச் சூட்டை வைத்து அளக்கும் கருவிகளும் உண்டு. ஆனால் அவற்றைச் "சேதமில்லாத" பட்டியலில் சேர்ப்பது கொஞ்சம் தாராள மனசு. ஊசி குத்திய இடத்தில் மரம் காயத்தை மூடப் பார்க்கும், அளவும் காலப்போக்கில் விலகும்.

2023-ல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாகமான தக்காளிச் செடியும் புகையிலைச் செடியும் மனிதக் காதுக்கு எட்டாத சொடுக்குச் சத்தங்களை எழுப்புவதை ஒலிவாங்கியில் பதிவு செய்தார்கள். தாகத்தில் மணிக்கு சுமார் 30 முதல் 50 சொடுக்குகள். தாகமில்லாத செடியில் மணிக்கு ஒன்றுக்கும் குறைவு. உடனே "செடிகள் அலறுகின்றன!" என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அலறலும் இல்லை, அழுகையும் இல்லை. நீர்க்குழாய்களுக்குள் காற்றுக் குமிழி உருவாகி உடையும் சத்தமாக இருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் ஊகம். அளக்கும் வழி அருமையானது. தலைப்புதான் அனாவசியம்.

வானத்திலிருந்தும் கேட்கிறார்கள். நாசா 2018-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்திய எக்கோஸ்ட்ரெஸ் என்ற கருவி பூமியின் பயிர்ச் சூட்டைப் படம்பிடிக்கச் செய்தது. அதன் ஒரு புள்ளி ஏறத்தாழ 70 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் சுமார் 1.2 ஏக்கர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது 1.85 ஏக்கர். அதுவும் பல துண்டுகளாக. ஒரே புள்ளியில் இவருடைய மிளகாயும் பக்கத்து வீட்டுக்காரரின் தரிசும் வரப்பு மரமும் கலந்துவிடும். ஆயிரம் ஏக்கர் சோளக்காட்டுக்குச் செய்த கண்ணாடி இங்கே மங்கலாகத்தான் தெரியும்.

எண் மட்டும் போதாது

இவ்வளவு வழிகள் இருந்தும் இந்த முறைகளுக்கு எதிராக ஒரு பலமான வாதம் இருக்கிறது. இவை எதுவுமே தாகத்தை நேராக அளப்பதில்லை. சூட்டை அளக்கின்றன, சுருக்கத்தை அளக்கின்றன, சத்தத்தை அளக்கின்றன, பிறகு ஊகிக்கின்றன. காற்று வேகமாக அடித்தாலும் இலையின் சூடு மாறும். மேகம் குறுக்கே வந்தாலும் மாறும். முக்கியமாக, காற்றின் ஈரப்பதம். அரிசோனாவின் வறண்ட காற்றில் நன்றாகத் தண்ணீர் குடித்த செடி காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். கடலோரத்துப் புழுக்கத்தில் அதே செடியால் அவ்வளவு குளிர முடியாது. அங்கே வகுத்த கோட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால், திருப்தியாக இருக்கும் பயிரைப் பார்த்து "தாகம், தாகம்" என்று கருவி கத்தும்.

இந்த வாதம் சரி. ஆனால் அதிலிருந்து "அப்படியானால் வேண்டாம்" என்ற முடிவுக்குப் போவது தவறு. வர வேண்டிய முடிவு வேறு: எண்ணை விற்காதீர்கள், ஒப்பீட்டைக் கொடுங்கள். ஒரு கடையின் லாபம் பத்தாயிரம் என்றால் அது நல்லதா கெட்டதா? போன மாதம் எவ்வளவு, பக்கத்துக் கடையில் எவ்வளவு என்று தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. இலையின் சூடு 33 டிகிரி என்பதும் அப்படி ஒரு தனி எண்தான்.

ஒப்பீட்டுக்கு எளிய வழி ஏற்கெனவே இருக்கிறது. வயலின் ஒரு மூலையில் ஒரு சின்னப் பாத்திக்கு மட்டும் தண்ணீர் குறையாமல், தேங்காமலும் பார்த்துக்கொள்வது. அதுதான் சாட்சிப் பாத்தி. வெயில் நன்றாக இருக்கும் மதிய நேரத்தில் அந்தப் பாத்தியின் இலைச் சூட்டையும் மற்ற இடத்தின் இலைச் சூட்டையும் அடுத்தடுத்து அளந்து கழித்தால் போதும். இரண்டுக்கும் அதே வெயில், அதே காற்று, அதே புழுக்கம். மிச்சமிருக்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு தாகத்தால் வந்தது. கொலராடோவில் சூரியகாந்தி வயலில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், இதே மாதிரி "தாகமில்லாத பயிரைவிட எத்தனை டிகிரி அதிகம்" என்ற எளிய கழித்தல் கணக்கு, சிக்கலான குறியீடுகளோடும் செடியில் நேரடியாக எடுத்த அளவுகளோடும் நன்றாகவே ஒத்துப்போனது.

கருவிக்கு எங்கே போவது? 2020-ல் கடை வாசல்தோறும் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதே குடும்பம்தான். ஆனால் அந்த நெற்றித் துப்பாக்கி இதற்கு உதவாது. அது தோலின் சூட்டை உடல் சூடாக மாற்றிக் காட்டும், மனித உடம்புக்கான எல்லைக்குள் மட்டும். மெக்கானிக்குகளும் எலக்ட்ரீஷியன்களும் வைத்திருக்கும் சாதாரண அகச்சிவப்புத் துப்பாக்கிதான் தேவை. அதிலும் ஒரு கவனம் வேண்டும். தூரம் கூடக்கூட அது பார்க்கும் வட்டம் பெரிதாகும். 12-க்கு 1 என்று போட்டிருந்தால் 1.2 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் வட்டம். அந்த வட்டத்துக்குள் காய்ந்த மண் வந்துவிட்டால் செடியின் சூடு என்று மண்ணின் சூட்டைப் படித்துக்கொண்டிருப்போம். சாய்வாக, இலைகள் மட்டும் தெரியும்படி, பத்து இருபது இடங்களில் எடுத்துச் சராசரி போட வேண்டும். பயிர் இன்னும் மண்ணை மூடாத இளம் பருவத்துக்கு இந்த முறை சரிப்படாது.

இன்னொரு தடையும் உண்டு. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடும் இடத்தில், செடி செவ்வாய்க்கிழமை தாகம் என்று சொன்னால் என்ன செய்வது? முறை வெள்ளிக்கிழமைதானே! அளவுகோல் தண்ணீரைக் கொண்டுவராது. ஆனாலும் தன் முறை வரும்போது எந்தப் பாத்திக்கு முதலில் மடை திறப்பது, எதை அடுத்த முறைக்குத் தள்ளிப்போடலாம் என்பதை அது சொல்லும். தண்ணீர் கொஞ்சமாக இருக்கும்போதுதான் இந்தத் தேர்வுக்கு மதிப்பு அதிகம். கையில் தாராளமாகப் பணம் இருப்பவர் வரவுசெலவுத் திட்டம் போடாமலும் காலம் தள்ளிவிடலாம். இல்லாதவரால் முடியாது.

ஆகவே இன்றைக்குப் பற்றாக்குறை கருவிக்கு இல்லை. செல்போனில் வண்ண வண்ணமாக வரைபடம் காட்டும் விலையுயர்ந்த சாதனங்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றை வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இந்த எண்ணை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?" வேறு தேசத்தின் வேறு பயிரோடு என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம். வேளாண் கல்லூரிகளும் மாணவர்களும் செய்யக்கூடிய பெரிய உதவி புதுச் சாதனம் கண்டுபிடிப்பது இல்லை. அந்தந்த ஊரில், அந்தந்தப் பயிருக்கு, தாகமில்லாத செடி எந்த மாதத்தில், எந்த நேரத்தில் எவ்வளவு சூடாக இருக்கும் என்று பொறுமையாக எழுதி வைப்பது. சாட்சிப் பாத்தி, ஒரு வெப்பமானி, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பருவம். பட்டம் வாங்கப் போகும் ஆய்வேட்டுக்கு இதைவிட மலிவான தலைப்பு கிடைக்காது, முடித்த பிறகு அலமாரியில் தூங்காமல் வயலுக்குப் போகக்கூடிய தலைப்பும் இதுதான்.